நாலாவது மாடிக் காபி

பால் பாத்திரத்தின் அடியில் பிடித்ததைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் காபியக்கா. அலுவலகத்துக்கே காபி போடுகிறவள் அவள்தான்.

"அக்கா, நீங்க இளைச்சீங்க சரி, காபியும் கூடவே இளைச்சுப்போச்சே!" என்றார் கோப்பையோடு வந்த கணக்கர்.

"வாயில வச்சுப் பாக்காம போடுறேன் சார். உப்பு கொட்டியிருந்தாலும் எனக்குத் தெரியாது. பாத்துக் குடிங்க."

நாள் முழுக்கக் காபி வாசனையில் நிற்பவளுக்குக் காபி கிடையாது. வயிற்றில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வாழைப்பழம் கனத்தில் ஒரு பை. அதில் தண்ணீரைக்கூட மடக்கு மடக்காகத்தான் விட வேண்டும். "நாங்க சொல்ற வரைக்கும் காபியைத் தொடாதீங்க. அதுவும் வெறும் வயித்துல குடிச்சா எரியும்" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலை நீட்டிச் சொன்னபோது, கட்டிலருகே உட்கார்ந்து தலையாட்டியவள் தங்கை.

அந்த ஆபரேஷனே தங்கை சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்த நாளிலிருந்து காபியக்கா தங்கையின் வாடகை வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கவில்லை. சமையல், துணி, இரண்டு பிள்ளைகளின் காய்ச்சல், பேதி எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. தங்கையும் புருஷனும் சொந்த வீடு வாங்கியபோது, "ஜன்னல் வச்ச சின்ன ரூம் உனக்குத்தான்க்கா. ஆனா நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த உடம்பைத் தூக்கிட்டு எப்படி ஏறுவ?" என்றாள் தங்கை.

முதல் மாடிக்கே மூச்சு முட்டுகிற உடம்பு. சர்க்கரை வேறு. உடம்பு இளைக்க டாக்டர் எப்போதோ சொல்லிவைத்த ஆபரேஷனுக்கு அவள் சரி என்றது அன்றைக்குத்தான். ஓர் அறைக்காக வயிற்றைக் கொடுத்தாள்.

பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்த கையோடு, இன்னும் குடிபோகாத புது வீட்டுக்கு முதல் தடவையாக நேரே போனாள். நாலு மாடியும் ஏறினாள். வழியில் ஒரே தடவைதான் நின்றாள், அதுவும் செருப்பு வார் அறுந்ததால். வீட்டில் பக்கத்துக் குடித்தனத்துப் பெண்கள் இருவர் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏறிட்டியா! இந்தாக்கா, புது அடுப்புல போட்ட முதல் காபி" என்று தங்கை கையில் கோப்பையைத் திணித்தாள்.

"எனக்கு ஆகாதேடி."

"ஒரு வாய்தான. ரொம்ப பிகு பண்ணாத."

ஏறிவிட்ட சந்தோஷம் கண்ணை மறைத்தது. மதியத்திலிருந்து எதுவும் இறங்காத வயிறு. ஒரு வாய் இரண்டாகி, கோப்பையே காலியானது. எத்தனையோ மாதம் கழித்து நாக்கில் பட்ட கசப்பு தேனாக இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு தன் அறையைப் பார்க்கப் போனாள்.

கதவைத் திறந்தால் ஆணி நிறைய ஆம்பிளைச் சட்டைகள். ஜன்னலோரம் புதுக் கட்டில். அதில் கால்மேல் கால் போட்டுப் படுத்திருந்தான் தங்கையின் கொழுந்தன். "வாங்க" என்றான். எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்குக் கீழே தணலை அள்ளிக் கொட்டினாற்போல் பிடித்துக்கொண்டது. கதவு நிலையைப் பற்றிக்கொண்டு, "வயிறு எரியுதுடி!" என்று கத்திவிட்டாள்.

முன்னறையிலிருந்து மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல வாய்க்கா உனக்கு!" என்றாள் தங்கை. "கூடப் பிறந்தவ வீடு வாங்கினா இப்படியா வயிறெரிவ? அதுவும் நாலு பேர் முன்னாடி!"

பக்கத்துக் குடித்தனப் பெண்களில் ஒருத்தி தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி எழுந்து போயேவிட்டாள். காபியக்கா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். புளித்த ஏப்பம்தான் வந்தது.

பழைய வாடகை வீட்டுக்குத் திரும்பியதும் தங்கையே ஆரம்பித்தாள். "அவருக்கு மனசே விட்டுப்போச்சுக்கா. தம்பிக்கு ரூமைக் கொடுத்தாலும் உன்னை ஹால்ல படுக்க வச்சுக்கலாம்னு இருந்தவர், இப்ப வேணாங்கிறார். கொஞ்ச நாளைக்கு ஏதாவது ஹாஸ்டல்ல இரு."

"காபி குடிச்சா எரியும்னு நர்ஸ் சொன்னப்ப நீதானடி பக்கத்துல இருந்த?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

"சரி. அந்தக் கட்டில் எப்ப வந்துச்சு? நான் எரிஞ்சதுக்கு அப்புறமா?"

தங்கை துணி மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். காபியக்காவுக்கு அது போதும். அக்காவை எப்படிக் கழற்றிவிடுவது என்று முழித்துக்கொண்டிருந்தவளுக்கு அக்கா வாயாலேயே சாக்குக் கிடைத்திருக்கிறது. எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். மாத்திரைக்கு ஓர் எரிச்சல்தான் அடங்கியது.

மறுநாள் காலையில் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தங்கையின் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, காபிப்பொடி டப்பாவை நடுவில் செருகி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள். தன் சாமான் எதையும் கட்டவில்லை. பக்கத்து வாசலில் குடியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய் நின்றாள்.

"அவங்க காலி பண்றாங்க, நான் பண்ணலம்மா. பின்பக்க ரூமையும் சமையல்கட்டையும் எனக்கு விட்டுட்டு, மிச்சத்தை வேற யாருக்காவது கொடுத்துக்கங்க."

"தனியாவா? அவ்வளவு இடம் போதுமா உனக்கு?"

"வயிறே கால்வாசிதான். வீடு மட்டும் எதுக்கு முழுசா?"

திரும்பி வந்தபோது தங்கை கொட்டாவி விட்டபடி அடுப்படியில் நின்றிருந்தாள். "காபி எங்கக்கா?"

"பெட்டியில கட்டிட்டேன்." காபியக்கா அறுந்த செருப்பு வாரில் ஊக்கை மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நாலாவது மாடியில போய்ப் போட்டுக்க."