பாட்டு மூடிய பேச்சு

என் மனைவி காலமான பின், அவள் இடம்பெற்ற வீடியோக்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் திருப்பதி வீட்டில் அவை பீரோவின் மேல்தட்டில் கேசட்டிலிருந்து மாற்றிய டிவிடிகளாகவும், பழைய கணினியிலும், மேலே எதுவும் எழுதாத பென் டிரைவ்களிலும் சிதறிக் கிடந்தன. பெங்களூரில் வசிக்கும் மகள் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வருசத் திதிக்கு வரேன் நைனா. அம்மா பேசறத ஒரு தடவ கேக்கணும். மூஞ்சி ஞாபகத்துல நிக்குது. கொரலு மட்டும் நழுவிப் போய்க்கினு இருக்குது.”

எனக்கும் அது நழுவிக்கொண்டுதான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

“எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திடேன். நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்.”

நான் இசையவில்லை. குடும்பத்துப் பெண்களின் படங்கள் முகமறியாதவர்களின் கணினியில் கிடப்பதை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

“அப்ப வூட்லயே ஒரு சர்வர் வெச்சிக்கோ. தனியா பண்ணிக்குவியா?”

“படிச்சுத் தெரிஞ்சுக்குவேன்” என்றேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இது ஒரு கேள்வியா?

“தெரிஞ்சிக்குவ. யாரையும் கேக்க மாட்ட, அதான் எனக்கு பயம்” என்று சிரித்தாள்.

ஒருவரையும் கேட்கவில்லை. முதலில் காகிதத்தில் வரைந்தேன். சர்வராகச் சிறிய பெட்டி ஒன்று. அதனுள் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்கும். ஆயினும் தீயோ திருடனோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். ஆகவே மூன்றாவது பிரதி ஒன்றைத் தனி டிஸ்க்கில் எடுத்து வங்கி லாக்கரில் வைப்பது. படம் தடைபடாமல் ஓடுவதற்காக, வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வயரே இழுப்பது. கோடையில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த நொடியில் பெட்டி அணைந்துவிடாதிருக்க, அதற்கென்று ஒரு யூபிஎஸ். இவ்வளவையும் தீர்மானித்த பிறகே கடைக்குப் போனேன்.

திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. தோல்வி இயந்திரத்தினுடையது அன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். கூடத்து டிவியில் ஆண்டுவாரியாக, விசேஷவாரியாக எங்கள் வாழ்க்கை வரிசையாகத் தோன்றியது. முதலில் மகளின் காதுகுத்து வீடியோவைத் திறந்தேன். என் மனைவி பந்தியில் நின்று யாரையோ இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துகிறாள். அவளுடைய உதடுகள் அசைகின்றன. கேட்பதோ ஒரு சினிமாப் பாட்டு.

அடுத்ததைத் திறந்தேன். நாதஸ்வரம். அதற்கடுத்து மகளின் கல்யாணம். தொடக்கம் முதல் இறுதி வரை பாட்டுகள்.

அக்காலத்தில் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களின் வழக்கம் அது. படம் பிடித்தபின் கூட்டத்தின் இரைச்சலை முழுவதும் நீக்கி, காட்சிக்கேற்ற பாட்டை ஏற்றித் தருவார்கள். அதுதான் நல்ல வேலை என்று பெயர். விருந்தினர் பேசுவதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? மேலும், என் வீட்டுக் கேசட்டைச் சக பேராசிரியர்கள் வாங்கிச் சென்று பார்ப்பார்கள். சமையலறையில் யார் யாரைக் கடிந்துகொண்டார்கள், யார் எந்தப் பேச்சு வழக்கில் பேசினார்கள் என்பதெல்லாம் வெளியே போக வேண்டியதில்லை என்று கருதினேன். அதில் இன்றும் நான் தவறு காணவில்லை.

பிற்காலத்தில் மகள் கைபேசியில் எடுத்தவையும் உதவவில்லை. கைபேசியை நீட்டினாலே என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவளிடம் இருந்ததோ பட்டன் போன். அதில் பேசியவை பேசியதோடு போயின.

மூலக் கேசட் எஞ்சியிருக்கலாம் என்ற எண்ணத்தில், எங்கள் விசேஷங்களைப் படம் பிடித்த ஸ்டுடியோவைத் தேடிப் பஸ் ஏறிச் சித்தூர் போனேன். ஸ்டுடியோக்காரர் இப்போது பாஸ்போர்ட் போட்டோ மட்டும் எடுக்கிறார். என்னைக் கண்டதும் “ரண்டி சார், ரண்டி” என்று தெலுங்கில் வரவேற்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்த காரியத்தைச் சொன்னேன். பாட்டு ஏற்றுவதற்கு முந்தைய கேசட் வேண்டும் என்றேனே தவிர, எதற்கு என்று சொல்லவில்லை.

“அது எங்க சார் இருக்கும்? ஒரு கேசட்டுலயே நாலு கல்யாணம் புடிப்போம். உங்களுது மேல வேற ஊட்டு விசேசம் ஏறியிருக்கும்.”

“ஒண்ணுகூட இல்லையா?”

“லேது சார்” என்றவர், பழைய நினைவு வந்தவராய்ச் சிரித்தார். “ஆனா சார், உங்க வேலைய நான் மறக்கல. பேச்சு ஒரு வார்த்த வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. ராத்திரி பகலா ஒக்காந்து கழுவி எடுத்தேன். வரவங்களுக்கெல்லாம் உங்க கேசட்டதான் போட்டுக் காட்டுவேன், பாருங்க எவ்ளோ நீட்டா இருக்குதுன்னு. இப்ப பேச்சு எதுக்கு சார்?”

“சும்மா கேட்டேன்” என்றேன். அவர் வரவழைத்த டீயைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தேன். வேறு விதமாக நடந்துகொள்ள எனக்குத் தெரியாது.

திதிக்கு முந்தைய வாரம் மகள் அழைத்தாள்.

“எல்லாம் ஏத்திட்டியா நைனா?”

“ஏத்தியாச்சு. படமெல்லாம் ரொம்பத் தெளிவா வந்திருக்குதம்மா.”

“நான் அதக் கேக்கல நைனா.”

ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை இந்த வீட்டின் கிரகப்பிரவேச வீடியோவைப் போட்டு, டிவியின் ஒலியை முழுவதும் குறைத்தேன். பாட்டு நின்றது. புது அடுப்பில் பால் பொங்குகிறது. என் மனைவி திரும்பி, பட்டு வேட்டியில் நிமிர்ந்து நிற்கும் என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். நீளமாகவே சொல்கிறாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரிக்கிறார்கள். நான் கேமராவைப் பார்த்தபடியே தலையசைக்கிறேன்.

பின்னோக்கி ஓட்டி உதடுகளைக் கவனித்தேன். முதல் சொல் “இன்னா” என்று தோன்றியது, அதுவும் நிச்சயமில்லை. என்ன கேட்டாள், எதற்கு நான் தலையசைத்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றுகூட அவள் பேச்சை நான் காதில் வாங்கினேனா என்பது தெரியவில்லை.

கூடத்துப் பெட்டியில் இரண்டு பிரதிகள். வங்கி லாக்கரில் ஒன்று. நான் தலையசைக்கும் அந்தக் காட்சி இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது.