உள்சுவர் ஜன்னல்

எங்கள் கடையில் வீட்டு பிளான் வரைந்து தருவோம். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், முதலாளி பாய், நான். வேலை பிடிப்பது பாய், வரைவது நான். நாங்கள் வைத்திருப்பது பிளான் வரைகிற கேட் (CAD) சாஃப்ட்வேரில் விலை குறைந்த ஒன்று. சென்னையில் பெரிய ஆபீஸில் வரைந்த ஃபைல் ஏதாவது வந்தால் அதற்கு ஜுரம் கண்டுவிடும்.

ஏனென்றால் அங்கே கதவு, ஜன்னல், படிக்கட்டு எதையும் கோடு கோடாக வரைவதில்லை. அதற்கென்று இன்னொரு சாஃப்ட்வேரைச் சேர்த்துக்கொண்டு முழு ஜன்னலாகவே எடுத்து வைக்கிறார்கள். அந்த ஜன்னலுக்குத் தன் அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பதெல்லாம் தெரியும். எங்கள் கம்ப்யூட்டரில் அந்தச் சேர்மானம் கிடையாது. அதனால் ஜன்னல் இருந்த இடத்தில் அதன் படம் மட்டும் வந்து நிற்கும். பிராக்ஸி என்பார்கள். பார்க்கலாம், மாற்ற முடியாது, என்ன கேட்டாலும் வாயைத் திறக்காது. ஃபைலைத் திறந்ததும் இதை எச்சரித்து ஒரு பெட்டி வரும். அதைப் படிக்காமல் ஓகே அடிப்பதில் பாயை யாரும் மிஞ்ச முடியாது.

அவரிடம் இருக்கும் வைத்தியம் ஒன்றே ஒன்று. "எல்லாத்தையும் எக்ஸ்ப்ளோட் பண்ணிடும்மா." பண்ணினால் பிராக்ஸி உடைந்து வெறும் கோடாகும். கோட்டை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆனால் ஜன்னலுக்குள் இருந்த அளவெல்லாம் அதோடு போய்விடும். போனால் என்ன, ஜன்னல் என்றால் தரையிலிருந்து மூன்றடி, மேஸ்திரிக்குத் தெரியாதா என்பார் பாய். இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை என்பதும் உண்மைதான்.

அன்றைக்கு வந்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக் குடும்பம் கட்டும் வீட்டின் பிளான். மகள் சென்னையில் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், அவளே வரைந்து அனுப்பியிருந்தாள். சின்னச் சின்னத் திருத்தம் செய்து பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். மறுநாள் மேஸ்திரி சுவர் எழுப்ப ஆரம்பிக்கிறார். பிரிண்டுக்காகப் பெண்ணின் அம்மா காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தறிக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு பிராக்ஸி. பார்த்தால் ஜன்னல். வீட்டுக்குள்ளேயே, இரண்டு அறைக்கு நடுவில் யார் ஜன்னல் வைப்பார்கள்? பாய் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது ஏதோ குப்பைம்மா. காப்பி பண்ணும்போது வுழுந்திருக்கும். எடுத்துட்டு சுவத்த மூடிடு."

எனக்கு ஒரு குணம். யாராவது 'ஏதோ' என்று சொன்னால் எரிச்சல் வந்துவிடும். திரும்பி அந்த அம்மாவையே கேட்டேன்.

"ஐயோ, அத எடுத்துடாதம்மா," என்று எழுந்தே விட்டார். "அது எங்க வீட்டுக்காரருக்கு. படுத்துக்கினே தறியப் பாக்கறதுக்கு."

உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் ஓரத்திலிருந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து கணவர் நெய்ய, இவர் ஓரத்தில். இப்போது அவர் முதுகுத்தண்டு நோயில் படுத்துவிட்டார். இவர் நெய்கிறார், ஓரத்தில் நாத்தனார்.

அவர்களுடையது குழித்தறி. நெய்பவர் தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டிருப்பார். மூன்றடி உயரத்தில் ஜன்னல் வைத்தால் கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கூடத்து ஃபேன்தான் தெரியும். சரியான உயரம் அந்த பிராக்ஸிக்குள் இருந்தது, எனக்குக் காட்ட மாட்டேன் என்றது. மகளுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.

"பொண்ணு அளந்துக்கினுதான் போனா. எனக்கு அந்த அளவெல்லாம் ஞாபகம் இல்லமா," என்றார் அம்மா.

குத்துமதிப்பாக ஒன்றைப் போட எனக்கு மனசு வரவில்லை. நேரே போய் அளந்துவிட்டு வருகிறேன் என்றேன். "இங்க வேல மலையாட்டம் கெடக்குது," என்று முணுமுணுத்துக்கொண்டே பாய் டேப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த அம்மாவை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாடகை வீடு. இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார் அவர். "பிளான் போடறவங்கன்னா பெரிய ஆளா வருவாங்கன்னு பாத்தேன், சின்னப் பொண்ணா இருக்கிறியே," என்று சிரித்தார். தரையிலிருந்து அவர் கண் வரைக்கும் அளந்தேன். அதற்குக் கொஞ்சம் கீழே, இரண்டடியில் ஜன்னல் ஆரம்பித்தால் போதும் என்று சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் கொறச்சே..." என்று தொடங்கிய அம்மா கணவரைப் பார்த்துவிட்டு, "டீ போடறேன்," என்று உள்ளே போனார்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "தலகாணிய எடுத்துட்டு அளம்மா."

எனக்குப் புரியவில்லை.

"இப்போ ரெண்டு வச்சா சாஞ்சுக்க முடியுது. போகப் போக தலையத் தூக்கவே முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சுவரு ஒரு தடவதானே கட்டப் போறோம்? அவகிட்ட சொல்லிடாத, அழுவா."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் கழுத்தைத் தாங்கித் தலையணைகளை உருவினேன். கண் கலங்கி டேப்பில் எண் தெரியவில்லை, திரும்பவும் அளந்தேன். ஒன்றரை அடி. டீ வருவதற்குள் தலையணைகளைப் பழையபடி வைத்துவிட்டேன்.

கடைக்கு வந்து பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். 'தரையிலிருந்து ஒன்றரை அடி' என்று ஜன்னல் பக்கத்தில் நான் எழுதியிருந்ததை, மேஸ்திரி கண்ணில் படுகிற மாதிரி இன்னும் பெரிதாக்கச் சொன்னார் பாய். பிரிண்டை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். எதற்கும் சரிபார்த்துக்கொள்வோம் என்று அந்த ஜன்னலின் உயரத்தைக் கேட்டேன்.

"ஒன்றரை அடிதான்க்கா. நான் மொதல்ல ரெண்டுன்னுதான் வச்சேன். அப்பா ஒரு நாள் தலகாணி இல்லாம தூங்கிட்டிருந்தாரு, அப்ப அம்மாதான் என்னைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னாங்க. நாளப்பின்ன தலையத் தூக்க முடியாமப் போனா அதுதான் வேணும்னாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு உட்டுடுவாருக்கா. நீங்க சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

சொல்ல மாட்டேன் என்றேன். காலையில் அவள் அப்பாவுக்கும் அதே வாக்கைத்தான் கொடுத்திருந்தேன்.