அமெரிக்கக் கதையும் குளச்சல் மீனும்

அஞ்சல்வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்ததுதான் என் புத்தியைக் கெடுத்தது. அதிலும் அமெரிக்கச் சிறுகதைகள் என்று ஒரு பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலில் வகுப்பெடுத்த பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். இந்தக் கதைகளில் யாரும் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் விட்டதில்தான் கதையே இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினால், அந்தக் குடும்பம் உடையப்போகிறது என்று அர்த்தமாம்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் சவூதியிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஏசி மெக்கானிக் வேலை. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் ஊரே கேட்கிற கேள்வியை நானும் வாசலிலேயே கேட்டேன்.

"இனி எப்ப போணும்?"

"பாப்போம்" என்றார்.

லீவு முடிந்தது. போகிற பேச்சே இல்லை. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போய்விடுவார், கேட்டால் மீன் வாங்க என்பார். தக்கலையில் எங்கள் வாசலுக்கே மீன்காரி வருகிறாள். பிறகு குளச்சல் எதற்கு? மதியம் சாளை மீனோடு திரும்பி வருவார். செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், ரத்தச் சிவப்பாக இருக்கும். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

போன் வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய்ப் பேசினார். ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னைக்கு மழ பெய்யும்போல" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் பேய்க்குச் சேலை கட்டி, பூவும் வைத்து, குளச்சலில் ஒரு வீடும் பார்த்துக் கொடுத்துவிட்டேன். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அவர் கிளம்பியதும் நானும் குளச்சலுக்குப் பஸ் ஏறினேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனி வாசலில் அவருடைய பைக் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால், கைலியை மடித்துக் கட்டி, முழங்கை வரை கிரீசோடு, மெஷினுக்கு முன்னால் நின்று வேலையாட்களோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் வாயிலிருந்து முத்து உதிராது. பெண்ணாக இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம், ஐஸ் மெஷினோடு என்ன செய்வது?

"ஏட்டி, நீ எதுக்கு இங்க வந்த?"

"நீங்க எதுக்காக்கும் வந்திய?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். விசாவைப் புதுப்பிக்கவில்லை. திரும்பிப் போக மனமில்லை. இந்த வேலை நிரந்தரமாகட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வந்த அன்னைக்கு, பெட்டிய கீழ வைக்கதுக்கு முன்னயே, எப்ப போணும்னு கேட்டியே. நான் அங்கயே கெடக்கதுதான் உனக்கு இஷ்டம்னு நெனச்சேன்."

சாப்பிட்டாச்சா என்பதுபோல வாய்க்கு வந்ததைக் கேட்டிருந்தேன். ஒரு கதையும் படிக்காத மனிதர், நான் சொல்லாததை அதில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் என் கையால் சோறு தின்றிருக்கிறார்.

வெளியே மீன் ஏலம் விடும் சத்தம். மெதுவாகச் சொன்னால் காதில் விழாது.

"நீங்க போவாண்டாம்" என்றேன். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் சத்தமாக, மறுபடியும் சொன்னேன்.