பமூன் துறவியாருக்கு அத்தாட்சி

பழைய கடதாசியோடு மாரடிக்கிற உத்தியோகத்தில் தும்மல் வந்தாலும் வெளியே ஓடவேண்டும்; உள்ளே தும்மினால் ஆயிரம் வருசம் பறந்துபோய்விடும். ஆவணக் காப்பகத்தில் கோப்பும் தூசியுமாய்ச் சீவிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தவன் கடிதம்

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தாறில் மெல்பேர்ன் வந்து, கிளேட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை எடுத்தேன். எகிப்து மண்ணுக்குள் கிடந்த பப்பைரஸ் என்ற நாணல் தாள்களை ஈரப்படுத்தி, மெல்ல விரித்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்கவேண்டும். எல்லாம் அந்த நாட்டு ஆதிக் கிறிஸ்தவ மடங்களின் கடிதங்கள், கொப்டிக் மொழியில். எனக்கு ஓரெழுத்தும் தெரியாது, பேராசிரியர்தான் வாசிப்பார். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மனுசி கறியைக் கிளறிக்கொண்டே சொன்னா: "அடுத்தவன்ர கடிதத்தைப் படிக்கக்கூடாதெண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு, நீங்கள் நாள் முழுக்க அதைத்தானே செய்யிறியள்."

கதை காணாது

மரியம் என்ற எகிப்துப் பெண் பிஸ்கட் ஃபக்டரியில் வேலை செய்தவ. கொப்டிக் கிறிஸ்தவர்களான அவவின் சனங்கள் ஒரு மாதிரிச் சொந்தமாய் ஒரு கோயில் எடுத்துவிட்டார்கள். அதற்குத் தன் ஊர் மடத்தில் ஆதிகாலத்தில் இருந்த பமூன் துறவியாரின் பெயரை வைக்க அவவுக்கு ஆசை. தகப்பன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கண்மூடினவராம். மற்றவர்கள், அப்படி ஒருவர் இருந்ததே இல்லை, எல்லாம் உங்கள் ஊர்க் கட்டுக்கதை என்று சிரித்தார்களாம். உயிர்த்த ஞாயிறுக்குள் முடிவெடுக்க வேண்டும். எங்களிடம் அத்தாட்சி இருக்குமா என்று கேட்டு வந்தா. பேராசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மா, கதை நிறைய இருக்கு. கடதாசி ஒன்றுமில்லை."

தொடக்கூடாது

உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு கிழமை இருக்க, நான் விரித்த ஒரு துண்டில் அந்த மடத்தின் பெயரும் பமூன் என்ற பெயரும் இருந்தன. பேராசிரியர் துள்ளாத குறை. மிச்சத்தை வாசிக்க வாசிக்க முகம் சுருங்கியது. துறவியார் எழுதியது செபமில்லை. பல்லுவலியில் இரண்டு நாளாய் நித்திரை இல்லை, நீங்கள் அனுப்பின போர்வை முழுக்க ஓட்டை, அதைத் தெரிவு செய்தவனுக்குக் கண் இல்லையா என்று ஒரே ஏச்சு.

மரியமோ, அவர் முதலையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்தவர் என்று நம்பி வளர்ந்தவ. இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் ஃபக்டரிக்குப் போன் எடுத்தேன். ஃபக்டரி ஏப்ரனோடு ஓடிவந்தவவுக்குப் பேராசிரியர் ஒரு வரியும் விடாமல் வாசித்துச் சொன்னார். மரியம் குனிந்து, கடிதம் இருந்த கண்ணாடியில் உதட்டை வைத்துக் கொஞ்சினா. யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். நாங்கள் இருவரும் யன்னலைப் பார்த்தோம். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "முதலைக் கதையை ஆரும் கட்டிவிடலாம். பல்லுவலியை ஆர் கட்டிவிடுவினம்?"

கோயிலுக்கு அவர் பெயர்தான் வைத்தார்கள்: ஒரு மனிதர் இருந்தார் என்று நிரூபிக்க எங்கள் தொழிலில் அற்புதம் உதவாது, போர்வையில் ஓட்டை என்று ஒரு முறைப்பாடு வேண்டும்.