சுகந்தி அக்காவின் லிஸ்பன்

சுகந்தி அக்காவைக் கொன்றது மழை இல்லை. குன்னூருக்குக் கீழே அவர் குடியிருந்த தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே, ரிசார்ட்டுக்குச் சாலை போடப் பொக்லைன் வைத்து மலையை வெட்டியவர்கள் கொன்றார்கள். வெட்ட விட்டு வேடிக்கை பார்த்த எஸ்டேட் நிர்வாகமும் சேர்ந்து கொன்றது. இதை "இயற்கைச் சீற்றம்" என்று சொல்லி முடித்துக்கொண்டவர்களுக்காக நான் எழுதவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு காலை, அவர் எழுதிக் குரல் கொடுத்த லிஸ்பன் நகர ஒலி வழிகாட்டியைக் காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டிராம் எந்தச் சந்தில் திரும்பும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலுவலகக் குழுவில் செய்தி வந்தது. விடியலில் மண் சரிந்து, சமையலறையோடு அவரை மூடிவிட்டது. தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்த அவருடைய அம்மா பாக்கியம் மட்டும் பிழைத்தார்.

ஐரோப்பா போகும் தமிழ்ப் பயணிகள் காதில் கேட்டபடி ஊர் சுற்ற, தமிழில் எழுதிப் பதிவுசெய்து கொடுப்பது எங்கள் வேலை. எங்களில் யாரும் விமானம் ஏறியதில்லை. எந்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் என்பதை அக்கா திரையைப் பார்த்து முடிவுசெய்ய மாட்டார். அதே அளவு ஏற்றமுள்ள பாதையைக் குன்னூரில் தேடிப் பிடித்து, எழுதியதை வாய்விட்டுப் படித்தபடி ஏறுவார். லிஸ்பன் கோட்டைக்குப் போகும் வழி எங்களுக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு மேடு ஏறும் வழிதான்.

அதில் ஒரு வம்பு வந்தது. சென்னைப் பயணிகள் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நிற்க, காதிலிருந்த குரல் மட்டும் கோட்டைக்குள் போய்விட்டதாம். முதலாளி கோபமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் சாவகாசமாத்தானுங்க நடந்தேன். வேணும்னா அவங்கள ஒரு வாரம் எங்க லைன்ல வந்து தங்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. முதலாளியே சிரித்துவிட்டார். சமவெளிக்காரர்களுக்கு இரட்டிப்பு நேரம் என்பது அன்றிலிருந்து அலுவலக விதி.

லிஸ்பனில் நிலநடுக்கத்தில் கூரை விழுந்த பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. வளைவுகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் படங்களைக் காட்டியபோது அக்கா சொன்னார்: "இதுக்கு டிக்கெட்டாம். எங்க லைனுக்கு வந்தா சும்மாவே பாக்கலாமே."

அதே நிலநடுக்கத்துக்குப் பின் கட்டிய வீடுகளைப் பற்றிப் படித்ததிலிருந்துதான் அவர் நிலைகொள்ளாமல் இருந்தார். சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்து மாதிரி ஒன்றைக் கட்டி, அதைச் சுற்றிப் பட்டாளத்தை மிதித்து நடக்கவிட்டு, தாங்குகிறதா என்று பார்த்தார்களாம். மேலே மலையை வெட்டத் தொடங்கிய வாரம், லைனுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் கேட்டு எஸ்டேட் மேனேஜரிடம் போனார். நானும் உடன் போனேன். இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிட்டு, "பட்டாளமெல்லாம் வேண்டாங்க சார். நீங்க ஒருத்தர் மழையில எங்க ஊட்டுக்குப் பின்னால வந்து நின்னு பாருங்க, போதும்" என்றார். மேலிடத்தில் சொல்வதாக மேனேஜர் சொன்னார். அவர் வரவே இல்லை.

என்னிடம் இருப்பது, பயணிகளைத் திட்டுவதுபோல் இருக்கிறதென்று முதலாளி வெட்டச் சொன்ன அக்காவின் ஒரு வாக்கியம்: "இடிந்ததைப் படம் எடுத்துக்கொண்டீர்கள். திரும்ப எப்படிக் கட்டினார்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் போங்கள்." அவர் குரலிலேயே வைத்திருக்கிறேன். வெட்ட மாட்டேன்.

அடக்கத்தன்று மேனேஜர் மலர்வளையத்தோடு வந்தார். பக்கத்து நான்கு வீடுகள் இன்னும் அதே வெட்டிய மலைக்குக் கீழேதான் நிற்கின்றன. மழையும் விடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த அக்காவின் அம்மா பாக்கியம் மேனேஜரை இன்றும் தொரை என்றுதான் அழைப்பார். மேனேஜர் கிளம்பிய ஜீப்பை மறித்து நின்றார்.

"மால இருக்கட்டுங்க தொரை. மிச்ச ஊட்டுக்காரங்களுக்குச் செவரு எப்பக் கட்டுவீங்க? அதச் சொல்லிட்டுப் போங்க."

மேனேஜர் ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுக்கும்படி டிரைவரிடம் சொன்னார்.