சாமியார் பங்களா மணி பிளான்ட்

எனக்குப் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை கொடுக்கவிருந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்கு மணி பிளான்ட் வந்தது. வந்தது என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பாண்டிச்சேரியிலிருந்து லீவுக்கு வந்த சித்தி அதைத் திருடினாள், அம்மா மறைத்துக்கொண்டு நின்றாள், என் ஞானோபதேசப் புத்தகத்துக்குள் ஒளிந்து அது வீடு வந்து சேர்ந்தது.

மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே உப்பளம். வாசலில் எது வைத்தாலும் காற்றே கருக்கிவிடும். வீட்டுக்குள் ஒரு கொடி படர வேண்டுமென்று அம்மாவுக்கு வெகு நாள் ஆசை. நர்சரியில் வாங்கலாமே என்றார் அப்பா.

“காசு குடுத்து வாங்கினா வராது மாமா. மணி பிளான்ட்டைத் திருடி வெச்சாத்தான் வரும்,” என்று சித்தி அடித்துச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தாத்தா நினைவுக்கு ஒரு பூசை எழுதிக் கொடுக்க, ஃபாதர் குடியிருக்கும் சாமியார் பங்களாவுக்குப் போனோம். வராந்தா ஜன்னல் கம்பி முழுக்கக் கொடி பளபளவென்று படர்ந்திருந்தது. ஃபாதர் பேனா எடுக்க உள்ளே போனார். அவர் திரும்புவதற்குள் சித்தி ஒரு முழம் கிள்ளிவிட்டாள்.

காலி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, கணு முழுகும்படி கொடியை வைத்து, பாட்டிலை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றினாள் அம்மா. பத்து நாளில் இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகத் தொடங்கியது. கண்ணு பட்டுடுச்சு என்றாள் அம்மா. எனக்குக் காரணம் தெரியும். பாவம். திருட்டுப் பொருளைச் சுமந்து வந்தது நான்தானே? இந்தப் பாவத்தோடு புதுநன்மை வாங்கினால் அந்த இலை மாதிரி நானும் கருகிவிடுவேனோ என்று சோறு இறங்கவில்லை.

புதுநன்மைக்கு முன்னால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்தன்று, அவர் உட்கார்ந்திருந்த கூண்டின் வலைத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“எந்த ஜன்னல் செடிம்மா?” என்றது உள்ளிருந்து குரல்.

“உங்க ஜன்னல்தான் ஃபாதர்.”

இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு, “செத்துப்போச்சா?”

“இன்னும் இல்ல ஃபாதர். ஓரமெல்லாம் கருகிப்போவுது.”

“எந்தத் தண்ணி ஊத்துறீங்க?”

“போர் தண்ணி.”

“அதான். அது உப்புத் தண்ணியாச்சே! குடிக்கிற தண்ணி ஊத்து. வாரத்துக்கு ஒருதரம் மாத்திடு. வெளிச்சம் இருக்கணும், வெயில் நேரா படக்கூடாது. பாவப் பரிகாரமா மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு.”

மூன்றுக்கு ஆறாகச் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் கேன் தண்ணீரை ஊற்றி, பாட்டிலை ஜன்னலோரத்து அலமாரிக்கு மாற்றினேன். “இந்த வீட்ல யாரு இவ்ளோ தண்ணி குடிக்கிறது?” என்று அப்பா கத்திக்கொண்டிருக்க, கொடி புது இலை விட்டு, திரைச்சீலைக் கம்பியைப் பிடித்து, சுவரில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்தைச் சுற்றிவிட்டது.

நான்கைந்து மாதம் கழித்து ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தார். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு ஓடினாள். பாட்டிலை மட்டும் துண்டு போட்டு மூட முடிந்தது. சுவர் முழுக்க இருந்த கொடியை என்ன செய்வது? அவர் பார்ப்பதைப் பார்த்ததும், “நர்சரியில வாங்கினது ஃபாதர்! பொம்மையார்பாளையத்துல!” என்று கேட்காமலே சொன்னாள்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“அப்படிங்களா? நல்லா வந்திருக்குது,” என்றார் ஃபாதர். கொடிக்கும் இரண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியில் ஒரு பார்வையில்கூடக் காட்டக் கூடாதென்று எனக்கு அப்போது தெரியாது. வாய்விட்டுச் சொன்னது நான். அதைக் கேட்டவர் இப்படி அடியோடு மறந்துபோவாரா? பாவம், ஃபாதருக்கு ஞாபக மறதி என்று முடிவு செய்தேன். அதன் பிறகு அவரைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் சிரமம் கொடுக்க வேண்டாமென்று என் பெயரை, அப்பா பெயரை, வீடு இருக்கும் தெருவை நானே முதலில் சொல்லிவிடுவேன். அவரும் ஒவ்வொரு தடவையும், புதிதாகக் கேட்பவர் மாதிரி, “ஓகோ, அப்படியா!” என்பார்.