கறுத்துப்போன டைரி

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸம்மா பதினெட்டு வருஷமாகக் காகித டைரிதான் வைத்திருந்தாள். மழையில் நனைந்தும், மாடிப்படியில் உருண்டும் அதில் ஒரு தேதிகூட அழிந்ததில்லை. இந்த ஜனவரியில் தம்பி உள்ளங்கையளவு எலக்ட்ரானிக் டைரி ஒன்றைக் கையில் திணித்தான். "அக்கா, இனிமே எல்லாம் இதுலயே குறிச்சுக்கோ."

ஏழு மாதம் குறித்தாள். ஒரே ஒரு தடவை கைதவறி விழுந்தது, திரை கறுத்துவிட்டது. கடைக்காரர் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, "உள்ள இருந்ததெல்லாம் போச்சும்மா" என்று கையை விரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வீடுகளிலும் படியேறி, "அடுத்த கட்டு என்னிக்குன்னு சொன்னேன்?" என்று அசடு வழியக் கேட்டாள்.

கால் புண்ணோடு படுத்திருந்த பழைய தபால்காரர், "முந்தாநாளும்மா. வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். கட்டைப் பிரித்தால் சீழ்.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்று உதட்டைக் கடித்தபடி துடைத்தாள்.

ஆகஸ்டில் எந்தக் கடையில் புது டைரி கிடைக்கும்? கோடு போடாத நோட்டு ஒன்றை வாங்கி, ஸ்கேல் வைத்து டிசம்பர் வரை கட்டம் போட்டாள். பாதியில் தம்பி போன் செய்தான்.

"அக்கா, கீழ விழுந்தாலும் உடையாத மாடல் வந்திருக்காம்."

"வைடா போனை!"